இருபதாம் தேதிக்கு மேல்

இருபதாம் தேதிக்கு மேல்
எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்குக் கறி கிடையாது.
அயனாவரம் மார்க்கெட்டில்
கறிக்கடைக்காரர் நிமிரும் முன்பே தாண்டி
மளிகைக்கடைக்குள் நுழைந்துவிடுவேன்.
கால் கிலோ மீல்மேக்கர்.
பெரிய உருண்டை.

கொதிக்கும் தண்ணீரில்
கல்லுப்போடு போட்டு மூடிவைத்தால்
பத்தே நிமிடத்தில் ஊதிக் கிடக்கும்.
இந்த வீட்டில் கடனுக்கு அடுத்தபடி
தானாகப் பெருகுவது அது ஒன்றுதான்.
உள்ளங்கையில் வைத்துப் பிழிந்தால்
நுரைத்த தண்ணீர், ஈரச் சாக்கு வாசம்.
மூன்று முறை பிழிய வேண்டும்.
மூன்றாம் முறையில்தான்
மசாலாவுக்கு இடம் விடும்.

ஆவடியிலிருந்து நாத்தனார் கற்பகவல்லி:
"பையனுக்கா போடுற? அடிப்பாவி,
ஆம்பளப் புள்ளைக்கு மாரு வளருமாம்,
மீசையே மொளைக்காதாம்."
தென்னவனின் கபடி மாஸ்டர்:
"தினம் நூறு கிராம் கொடுங்க,
உடம்பு இரும்பாகும்."
மாடி வீட்டில் சோயாப் பால் குடிக்கும் பெண்
இரண்டையும் கேட்டுச் சிரித்தாள்.
தணிகைவேல் ஒன்றும் சொல்லவில்லை.
ஆட்டோ சவாரி முடித்து வந்து
குழம்பில் கரண்டியை விட்டுத் துழாவினார்,
ஏதோ தொலைத்தவர் போல.

எனக்குத் தைராய்டு.
விடியற்காலை ஐந்தரைக்கு
கடுகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளை மாத்திரை,
அப்புறம் ஒரு மணி நேரம்
காபி வாசனையோடு மட்டும் குடித்தனம்.
அந்த மாத்திரையைச் சோயா தின்றுவிடும் என்று
எங்கோ படித்த இரவு
தூக்கம் போனது.
சமையல்கட்டு இருட்டில் நின்று
டப்பாவைத் திறந்து பார்த்தேன்.
உருண்டைகள் ஒன்றும் அறியாதவை போல
ஒன்றோடொன்று சாய்ந்து கிடந்தன.

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி. டோக்கன் அறுபத்து மூன்று.
எழுந்து கதவு வரை போய்த்தான்
கேட்க வாய் வந்தது.
"டாக்டர், மீல்மேக்கர் சாப்பிடலாமா?"
"வாரத்துக்கு எத்தன தடவ?"
"ஒண்ணு. மாசக் கடைசியில மூணு."
அந்த 'மாசக் கடைசி'யில்
அவர் பேனா சற்று நின்றது.
"சாப்பிடுங்க.
மாத்திரைக்கும் அதுக்கும் நாலு மணி நேரம் விடுங்க.
பையனுக்கும் போடுங்க, ஒண்ணும் ஆகாது.
காலையில நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி" என்றேன்.
சாப்பிட்டது
பூவிழி கடித்து வைத்துவிட்டுப் போன
தோசையின் கருகிய ஓரம்.
நான்கு பேர் வயிற்றைப் பற்றி
நான்கு வாரமாய்க் கவலைப்பட்டவள்
ஐந்தாவது தட்டு ஒன்று இருப்பதாகவே
யோசிக்கவில்லை. இல்லை,
நாங்களே நான்கு பேர்தான்.
கணக்கில் எப்படி ஐந்து வந்தது?
பஸ்ஸில் ஓட்டேரி வரும்வரை
விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன்.
என்னைத்தான்
இரண்டு முறை எண்ணியிருக்கிறேன்,
சமைப்பவள் என்று ஒருமுறை,
பரிமாறுபவள் என்று ஒருமுறை.
தின்பவள் என்று
ஒருமுறைகூட இல்லை.

இன்று இருபத்திரண்டு. ஞாயிறு.
சோம்பு, பட்டை, நாலு பல் கூடுதலாய்ப் பூண்டு,
தேங்காயைக் கொஞ்சம் முரடாக அரைத்து
இரும்புச்சட்டியில் சுண்டவிட்டேன்.
பக்கத்தில் முருங்கைக்கீரைப் பொரியல், ரசம்.
மணி பன்னிரண்டே முக்கால்,
மாத்திரை எப்போதோ கரைந்திருக்கும்.
எல்லோருக்கும் முன்னால்
ஆறு உருண்டை எடுத்து
என் கிண்ணத்தில் போட்டு மூடினேன்.
திருடியது போல் இருந்தது.

"அம்மா, மட்டனா?"
கதவிலேயே மோப்பம் பிடித்தான் தென்னவன்.
போன மாதம் "ஆமாம்" என்றிருந்தேன்.
"இல்லடா. தேதி என்னன்னு பாரு."
காலண்டரைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான்,
"சரி, நாலு போடு" என்றான்.
குனிந்து பரிமாறும்போதுதான் பார்த்தேன்,
குழம்பு தெறித்த மேலுதட்டில்
எறும்பு வரிசையாய்
ஒரு கறுப்பு.

போன் அடித்தது. ஆவடி.
கையெல்லாம் மசாலா.
அடிக்கட்டும் என்று விட்டுவிட்டு
என் கிண்ணத்தைத் திறந்தேன்.