ஏற ஒன்றும் இல்லாத ஊர்

அறுபத்திரண்டாயிரம் கட்டி
ஏழு நாள் யானைச் சாணி அள்ளினேன்
என்று சொன்னதும்
வெற்றிலை மடிப்பதை நிறுத்திவிட்டார் உப்பிலி.
விமானத்துக்குத் தனி, என்றேன்.
கொஞ்ச நேரம் கழித்து,
"அந்த ஊர்ச் சாணி என்ன நிறம்?"

திருச்சியில் ஏறி கோலாலம்பூரில் மாறி
சியாங் மாயில் இறங்கியபோது
எனக்கு நாற்பத்து நான்கு வயது.
மின்வாரியத்தில் பத்தொன்பது வருஷம்.
சேர்ந்து கிடந்த விடுப்பில் பன்னிரண்டு நாள்.
காரணம் என்ற கட்டத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

அங்கே மே கம்.
மரம் இழுத்து இழுத்து இடுப்பு விலகியவள்.
யாரும் மேலே ஏறக்கூடாது என்று மூங்கிலில் ஒரு பலகை.
வாழைத்தண்டு நறுக்கினோம்,
சோற்றில் புளி பிசைந்து உருட்டி ஊட்டினோம்,
நாலாம் நாள் மலை.
டச்சுப் பையன்கள் இரண்டு பேர் முன்னே,
பெல்ஜியத்து டீச்சர் என் பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு,
கடைசியில் நானும் என் முட்டிவலியும்.
மூங்கில் முடிந்த இடத்தில்
திரும்பிக் கீழே பார்த்தபோது உறைத்தது:
பிறந்ததிலிருந்து எதையும் நான்
மேலிருந்து பார்த்ததில்லை.
வயலின் மட்டம், வரப்பின் மட்டம்,
மீட்டர் பெட்டியின் மட்டம்.
எங்கள் பக்கம் உயரம் என்றால் கோபுரம்,
அதில் ஏற அனுமதி புறாவுக்கு.

வைகாசி.
நீடாமங்கலம் கேட் மூடியிருக்கிறது.
திறந்திருந்தால்தான் செய்தி.
தார் ஆறட்டும் என்று காத்திருந்து
ராத்திரி பதினொன்றரைக்கு வந்து நிற்கிறோம்,
அடுத்த ஊர்த் திருவிழாவுக்கு,
உப்பிலி, நான், வடிவாம்பாள்.
கூட நடக்கட்டுமா என்று மூன்று வெள்ளிக்கிழமை கேட்டிருந்தேன்.
"கரண்டு மேடத்துக்கு என்ன வேண்டுதல்?"
வேண்டுதல் இல்லை. நடக்கணும், அவ்வளவுதான்.

சங்கிலி இருக்கிறது.
சொல்லாமல் போனால் அது பொய்.
அடிக்கு ஒரு ஓசை.
மூங்கில் பலகையில் இருந்ததெல்லாம் எனக்கு மனப்பாடம்,
ஒப்பிக்கத்தான் வாயெடுத்தேன்.
அவர் தன் தண்ணீர்ப் பாட்டிலை
முதலில் அவள் வாயில் கவிழ்த்துவிட்டு
மிச்சத் துளிக்கு அண்ணாந்ததைப் பார்த்து
மூடிக்கொண்டேன்.
மூடிக்கொண்டது சரியா என்று
இன்னும் தெரியவில்லை.

நெல் ஏற்றிய கூட்ஸ்.
நாற்பதுக்குமேல் எண்ணிக்கை தப்பிவிட்டது.
பைக்கைவிட்டு இறங்காமலே ஒருவன்
தலையைக் குனிந்து பத்து ரூபாய் நீட்டினான்.
துதிக்கை தாளை வாங்கி
உப்பிலியைத் தாண்டி வந்து
என் கையில் வைத்தது.
"ஆள் மாத்திட்டா" என்று சிரித்தார்.
ஈரமாயிருந்தது தாள்.
சில்லறையா திருப்பிக் கொடுக்க?

கேட் தூக்கியதும் மெதுவாய் "பை" என்றேன்.
மே கம் ஊரில் அதற்கு 'போ' என்று பொருள்.
காதை ஒருதரம் அடித்தாள், நகரவில்லை.
"நட" என்றார் உப்பிலி.
அவள் நடந்தாள்.
நானும்.

வெண்ணாற்றில் மணல்தான்.
மேட்டூர் திறக்க இன்னும் மூன்று வாரம்.
பாலத்தை விட்டுவிட்டுச் சரிவில் தானே இறங்கினாள்.
தடுக்கவில்லை அவர், வருஷா வருஷம் இப்படித்தானாம்.
லாரிகள் தோண்டிய பள்ளங்களைச் சுற்றிப் போய்
ஓரிடத்தில் நின்று, முகர்ந்து,
முன்னங்காலால் கீறத் தொடங்கினாள்.
சங்கிலி மணலில் புதைந்து
முதல்முறையாகச் சத்தமில்லை.
முழங்கால் ஆழம். பிறகு ஈரம். பிறகு கலங்கல்.
தெளியட்டும் என்று நின்றாள்.
நாங்களும் நின்றோம்,
எவ்வளவு நேரம் என்று கைப்பேசியில் பார்க்கவில்லை.
வயல் மோட்டாருக்கும் மீட்டர் இல்லை,
இதற்கும் இல்லை,
வந்துகொண்டே இருந்தது தண்ணீர்.

அவள் குடித்து விலகியதும்
செருப்பைக் கழற்றிவிட்டு
குழிக்குள் மண்டியிட்டேன்.
உள்ளங்கையில் இரும்பு ருசி, இருட்டு,
பல்லில் ஒரு மணல்.

மேலிருந்து உப்பிலி:
"மேடம், போட்டுட்டா.
அள்ளுறதுன்னா இன்னிக்கி
எவ்வளவு தருவீங்க?"