பிறந்த இடம்: கமோமே

நவ்பலுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
நாற்பதடிக் கொன்டெய்னர், எட்டு வேன் எஞ்சின்,
கழற்றிய கதவுகள், பல்வைத்தியரின் நாற்காலி ஒன்று,
இடைவெளி நிரப்ப இது.
"ஃப்ரிஜ் எண்டு நெனச்சித்தான் எறக்கின, மிஸ்."
நாற்பதாயிரம் சொன்னார். இருபத்தெட்டுக்கு வந்தார்.
பஞ்சிகாவத்தையில் அதற்கு மேல் யாரும்
ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதில்லை.

பெயர்த்தகடு இருக்கவேண்டிய இடத்தில்
நான்கு திருகாணித் துளைகள்.
பின்கதவைத் திறந்தேன்.
கரப்பான் முட்டைகள். அந்த நாட்டினதா, நம்முடையதா?
நூறு வோல்ட் என்று பதித்த மின்மாற்றி.
நேராகச் சொருகியிருந்தால்
நம் இருநூற்று முப்பது ஒரே அடியில் கொன்றிருக்கும்.
காசு விழும் தொண்டையில்
நடுவே துளையுள்ள ஐம்பது யென் ஒன்று.
நூறு கேட்ட வாய்க்கு யாரோ
ஐம்பதைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
பொத்தான்களின் ஓரத்தில் சிகரெட் சுட்ட தழும்புகள், பதினொன்று.
ஒருவனா, பதினொரு பேரா,
எழுதிக்கொண்டேன்.

உள்ளே இருக்கும் ஆட்டம் விமானச் சண்டை.
அணைத்தபின் கண்ணாடியில் தெரிவது வேறு:
வரிசை வரிசையாய்ச் சிறு கட்டங்கள்,
வருடக்கணக்கில் எரிந்து பதிந்த ஏதோ சீட்டாட்டம்.
கைப்பிடித் தகட்டைத் தூக்கினால்
பசை வைத்து அடைத்த இன்னொரு பொத்தான் வரிசை.
ஆக, வருமுன்பே ஒருமுறை
இதை வேறாக்கியிருக்கிறார்கள்.

டோர்ச்சை வாயில் கவ்வி, தலையை உள்ளே விட்டு,
எங்கிருந்து வந்தாய், யாரோடு இருந்தாய், ஏன் வந்தாய்
என்று துருவிக்கொண்டிருக்கிறேன்.
மூன்று கேள்வியும் எனக்கு மனப்பாடம்.
தொண்ணூற்றாறு, வெள்ளவத்தை போர்டிங் அறை,
இரவு இரண்டு மணி.
பொலிஸ் பதிவுத் துண்டு தலையணை உறைக்குள்.
அன்று டோர்ச் அவர்கள் கையில்.

அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருட்டில் இருந்தேன்.
மின்மாற்றி முனகியது.

மறுநாள் சந்திம வந்தான்.
கொட்டாஞ்சேனையில் ஃபோன் திருத்துகிறான்,
ஆறு வருடம் ஜப்பானில் மீன் பொதி செய்தவன்.
வாசிக்கத் தெரிந்ததெல்லாம் பெட்டிகளின் மேல் இருந்தவை:
இந்தப் பக்கம் மேலே. உடையும். குளிரில் வை.
உட்புறம் பாதி கிழிந்த ஸ்டிக்கரை
நகத்தால் தடவித் தடவிப் படித்தான்.
"க... மோ... மே. கமோமே. கடற்காகம்."
அப்புறம்?
"அப்புறம் ரெண்டு எழுத்து. மீன் பெட்டியில் வராத எழுத்து."

கடற்காகம் என்றொரு தேநீர்க்கடையா, விடுதியா,
உடுப்பு வெளுக்கும் இடமா, படகுக்குக் காத்திருக்கும் கூடமா?
கால்களில் வெண்துரு பூத்திருந்தது.
விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு.
கடலோரம்தான், என்று முடிவுகட்டிவிட்டேன்.
ஒரு மணிநேரம் எனக்கு அந்தத் துறைமுகம் தெரிந்தது,
மழைக்கோட்டுகளும், தாமதமான படகும்,
தோற்றுக்கொண்டே புகைத்த ஒருவனும்.

நவ்பலுக்கு ஃபோன் எடுத்தேன்.
"ஓ, தீர்வை கட்ட சல்லி இல்லாம
ஏழு மாசம் இங்க போர்ட்டிலதான் கெடந்த."

உப்பும் நம்முடையதாக இருக்கலாம்.

எண்ணிச் சொல்லும் சிறு கருவி மட்டும்
எதையும் மாற்றிச் சொல்லவில்லை: 087412.
கொப்பியில் பிறந்த இடம் என்ற வரிக்கு நேரே
கமோமே என்று எழுதி,
தெரியாத இரண்டு எழுத்தையும்
பார்த்துப் பார்த்து வரைந்தேன்.
ஒரு கோடு கூடிவிட்டது என்றான் சந்திம,
எந்தக் கோடென்று அவனுக்கும் தெரியவில்லை.

காசில்லாமல் ஓட வைக்கும் கம்பியைத் தொட்டேன்.
டக். 087413.
ஒன்பது நொடியில் அவன் விமானம் விழுந்தது.
"ஆயெத்," என்றான், திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்,
"ஆயெத், ஆயெத்."
மீண்டும் தொட்டேன்.