வலது மேக்னெட்டோ

கோத்தகிரியில் அன்று உறைபனி.
கேரட் கழுவும் தொட்டியில் படிந்த பனித்தகட்டை
ஸ்பேனரால் உடைத்துத்தான் கை கழுவினேன்.
இந்தக் குளிரில் போய்
எஞ்சினுக்குள் சூடு தாங்கவில்லை என்றால்
யார் நம்புவார்?
ஹாலன் சிரித்தான்:
"மூணு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டு
அதுக்கு விசிறி வீசப் போறியா, மாசி?"

முந்தின நாள்
கோடநாட்டுக்கு மேலே, ஒன்பதாயிரத்து இருநூறு அடி.
கீழே மாயாறு ஒரு நூல்.
எஞ்சின் ஒரு தரம் இருமியது.
பிறகு இன்னொரு தரம்.
சாவியை இடப்பக்கம் திருப்பினேன், ஓடியது.
வலப்பக்கம், விக்கியது.

குளிர் வேறு, குளிர்விப்பது வேறு.
மேலே காற்று சில்லென்றுதான் இருக்கும்,
ஆனால் மெலிந்த காற்று.
சூட்டைச் சுமந்து போக அதற்குத் தோள் கிடையாது.
அதிலும் சிலிண்டர் நான்கையும் தொட்டு வெந்த மிச்சம்தான்
பின்னால் ஒண்டியிருக்கும் மேக்னெட்டோவுக்கு வரும்,
கடைசிப் பந்திக்கு வரும் ரசம் மாதிரி.
உள்ளே சுருள்கம்பியின் பூச்சு இளகும்.
பொறி வழி மாறிப் பாயும்.

அதனால் ஒரு குழாய்.
கட்டைவிரல் பருமன்.
டீ பேக்டரி டிரையரில் கழித்துப் போட்ட சிலிக்கான்.
எஞ்சினின் மூக்கிலேயே,
இன்னும் எதையும் தொடாத காற்றைப் பிடித்து
நேரே மேக்னெட்டோவின் முதுகில் ஊதும்.
பக்கத்தில் ஒரு சூட்டு ஸ்டிக்கர், ஆறு வெள்ளைக் கட்டம்.
சூடு ஏற ஏற ஒவ்வொன்றாய்க் கறுக்கும்.
கறுத்தது வெளுக்காது.

உருளைக்கிழங்கு போடாமல் விட்ட மேட்டிலிருந்து கிளம்பினேன்.
நாற்பது நிமிடம்.
இருமல் இல்லை.
இறங்கி, ஆயில் பார்க்கும் சின்னக் கதவு வழியாய்
டார்ச் அடித்தோம்: இரண்டு கட்டம்தான்.
ஹாலன் என் முதுகில் ஓங்கித் தட்டினான்.
வறுக்கி தொட்டு டீ குடித்தோம்,
அவசரமே இல்லாமல்.

திரும்பி வந்து பார்த்தால் மூன்றாவதும் கறுத்திருந்தது.

வானத்தில் எதுவும் ஆகவில்லை.
நின்ற பிறகுதான்.
விசிறி நின்றது, குழாயில் மூச்சில்லை,
சிலிண்டர் மட்டும் தன் சூட்டை
மூடிய பெட்டிக்குள் பக்கத்தில் இருப்பவனுக்கு
மெதுவாய்க் கைமாற்றிக்கொண்டிருந்தது.
இதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.
நோட்டில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.

இப்போதெல்லாம் சக்கரம் நின்றதும்
முதல் வேலை மேல்மூடியைக் கழற்றுவது.
டீ அப்புறம்.
மூடுபனி உள்ளே இறங்கி உலோகத்தில் பட்டு
ஆவியாய் எழும்பும்.
கேரட் பெட்டி அட்டையைக் கிழித்து
ஹாலன் விசிறுகிறான்,
குல்லாவும் மப்ளரும் இரண்டு ஸ்வெட்டருமாக.

நான் ஒன்றும் சொல்லவில்லை.