தண்ணீர்ப் பூச்சு

சால்தோவில் ஜனவரி மதியம்.
ஊர் முழுக்கக் கதவடைத்துப் படுத்துவிடும்.
நாய்கூடக் குரைப்பதென்றால்
நிழலுக்கு வந்துதான் குரைக்கும்.
இந்தத் தெருவில் தூங்காதவர்கள் மூன்று பேர்:
லவுத்தாரோ, வயது ஆறு.
ஹசிந்தா, நாலு இன்னும் முடியவில்லை.
அப்புறம் நான், எவரிஸ்தோ,
அவர்கள் அம்மாவைப் பெற்றவன்.

ரப்பர் குழாயைத் திறக்க முடியாது.
பக்கத்து வீட்டு பெந்தாங்கோர்
தண்ணீர் ஓசைக்கே விழித்துக்கொள்வார்.
விழித்தால் பேசுவார்.
பேசினால் பொழுது சாயும்வரை நிறுத்த மாட்டார்.

ஆகவே ஒரு வாளி. அதிலும் பாதிதான்.
கொட்டகையிலிருந்து இரண்டு தூரிகை;
நாற்பது வருஷம் ஊர்ச்சுவர்களில் நான் ஓட்டியவை,
பிடியில் இன்னும் ஆஸ்பத்திரிப் பச்சை.
"பின்சுவருக்கு வர்ணம் அடிக்க வேண்டும்" என்றேன்
முதலாளிக் குரலில்.
"என்ன நிறம்?" என்றான் பையன்.
"ஈரம்."

வேலை நடந்தது.
காரை பெயர்ந்த சாம்பல் சுவர்
தூரிகை போன இடமெல்லாம்
மழைமேகமாய்க் கறுத்தது.
என் இடுப்புக்குக் கீழே எல்லாம்
ஹசிந்தாவின் ராஜ்ஜியம்:
ஒரு மீன், இன்னொரு மீன்,
மீனாக ஆரம்பித்து
மனம் மாறிய ஒரு குதிரை.
ஒவ்வொரு முறை தோய்த்தெடுக்கும்போதும்
பாதித் தண்ணீர் முழங்கை வழி ஓடி
சட்டைக்குள் புகுந்து
தொப்புளில் போய் முடிந்தது.
நான் உதட்டில் விரல் வைக்க,
வாயை இரு கையாலும் பொத்திக்கொண்டு
மூக்கால் சிரித்தாள்.

லவுத்தாரோ தொழிலாளி.
இடது மூலையில் தொடங்கி,
பட்டை பட்டையாக, இடைவெளி விடாமல்,
அத்தி மரம்வரை வந்து திரும்பிப் பார்த்தான்.
இடது மூலை வெளுத்திருந்தது.
ஓடிப்போய் அதை அடித்தான்.
அத்தி மரத்தருகே வெளுத்தது.
இப்படி மூன்று முறை.
நானோ மாத்தேயைக் குழலால் உறிஞ்சியபடி
வெயிலைக் கூட்டாளியாக்கிக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருந்தேன்.

நான்காம் முறை
தூரிகை வாளிக்குள் விழுந்தது.
பையன் தரையில் உட்கார்ந்து கை கட்டினான்.
"இது ஏமாற்றுக்காரச் சுவர்.
கூலி சொல்லாமல் வேலை இல்லை."
எதற்கென்று தெரியாமலே
தங்கையும் பக்கத்தில் உட்கார்ந்தாள்,
கட்டிய கைக்குள் தூரிகை சொட்டச் சொட்ட.

பெயின்டர் சங்கத்துக் கொடி பிடித்து
முப்பத்தொரு நாள்
வாசலில் நின்றவன் நான்.
வாசலுக்கு உள்ளே இருப்பவனுக்கு
நாங்கள் எப்படித் தெரிந்திருப்போம் என்று
இன்றைக்குத்தான் பார்க்கக் கிடைத்தது:
மூக்கு நுனியில் ஒரு துளி,
முழங்கால் நிறையச் சுண்ணாம்பு,
அசையாத முகம்.

பேச்சுவார்த்தை.
தலைக்கு ஒரு பீச் பழம் என்றேன்.
வாளியும் நிரம்ப வேண்டும் என்றான்.
ஒப்புக்கொண்டேன்.
ஹசிந்தாவுக்குத் தனிக் கோரிக்கை:
"உன் கால் வாளிக்குள்ளே."
வைத்தேன்.
வைத்த பிறகுதான் தெரிந்தது
இத்தனை நேரம் நான் எப்பேர்ப்பட்ட முட்டாள் என்று.

ஐந்தரைக்கு மகள் வந்தாள்.
கிராசியேலாவுக்கு வெந்நீர் ஊற்று விடுதியில் வேலை;
யார் யாரோ குளித்துத் துவட்டிய துவாலைகளை
நாள் முழுக்கத் துவைக்க வேண்டும்.
விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருக்கும்.
வீட்டுக்கு வந்தால்
தண்ணீர் என்ற பேச்சே கூடாது.
நாற்காலி இருந்தும் செங்கல் தரையில் படுத்தாள்.
செருப்புகள் எங்கோ போய் விழுந்தன.

சின்னவள் சத்தமில்லாமல் நகர்ந்து
அம்மாவின் உள்ளங்காலுக்குப் பூசத் தொடங்கினாள்,
விரல் விரலாக, இடுக்கு விடாமல்.
நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
"என்ன நிறம்டீ இது?"
கண் திறக்காத கேள்வி.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
நான் சொல்லவில்லை.
"சரி, அடித்து முடி" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து,
"இன்னொரு காலும் இருக்கிறது."

மேலே ஏதோ கிறீச்சிட்டது.
பெந்தாங்கோரின் ஜன்னல்.
எப்போதிலிருந்து நிற்கிறாரோ,
கன்னத்தில் தலையணை மடிப்பு அப்படியே இருந்தது.
"எவரிஸ்தோ, நாளைக்கு உன் ஆட்களை
என் பக்கச் சுவருக்கும் அனுப்பேன்.
கூலி என்ன கேட்கிறார்கள்?"

நான் வாய் திறப்பதற்குள்
பழச்சாறு வழியும் கையை உயர்த்தி
இரண்டு விரல் காட்டினான் லவுத்தாரோ.
கொஞ்சம் யோசித்து
மூன்றாக்கினான்.