மூன்றாவது பேட்டரி

தெற்கே மலை. அதன் முதுகுக்குப் பின்னால்
அடிவானத்துக்கு ஒரு சாண் மேலே
எங்கள் செயற்கைக்கோள்.
பூமத்திய ரேகைக்காரர்களின் உச்சந்தலையில் நிற்பது
கிரீன்லாந்தை இவ்வளவுதான் எட்டிப்பார்க்கும்.
முகட்டில் இருந்த கோபுரத்தைப்
போன வாரக் காற்று மடக்கிப் போட்டுவிட்டது.

ஆகவே ட்ரோன்.
கூட்டத்தில் பிள்ளையைத் தோளில் ஏற்றுவதுபோல
ஒரு சின்ன ஆன்டெனாவை
முந்நூறு மீட்டர் தூக்கிப் பிடித்திருக்கிறேன்.
கீழே அறுபத்திரண்டு பேர்.
மைனஸ் இருபத்தாறு.
பேட்டரி ஒன்றுக்குப் பத்தொன்பது நிமிடம்.

முதலாவது செவிலி ஆர்னட்சியாக்குக்கு.
ஒரு பையனின் தீக்காயப் படம்
நூக் மருத்துவரிடம் போய்ச்சேர ஆறு நிமிடம்.
இரண்டாவது கடைக்கு: மாவு, டீசல், டயப்பர்.
பின்னாலிருந்து யாரோ, 'காபி, காபியைச் சொல்லு!'

மூன்றாவதை இனூராக் கேட்டார்.
மகள் ஓல்போர்க்கில், மீன் ஆலையில்.
நான்கு வருடம்.
சண்டை என்னவென்று ஊருக்கே தெரியும்,
அதனால் யாரும் கேட்கவில்லை.

மணி அடித்தது. எடுத்தாள்.
அவர் பேசவில்லை.

முப்பத்தாறாயிரம் கிலோமீட்டர் ஏறி
அதே தூரம் இறங்க
ஒரு சொல்லுக்குக் கால் நொடி.
சொல்லாததற்கும் அதே கால் நொடிதான்.
திரையில் எல்லாக் கோடும் பச்சை.

தூது போகிறவளுக்குச் சேதி தெரிந்திருக்க வேண்டும்.
இதற்குத் தெரியாது.
வந்ததைப் பெருக்கி மேலே தள்ளும்,
குரலோடு சேர்த்து இரைச்சலையும் பெருக்கும்.
பயிற்சியில் இதைக் குறை என்றுதான் சொல்லித்தந்தார்கள்.

பத்து சதவீதம்.
வெளியே கட்டிக்கிடந்த நாய்களில் ஒன்று ஊளையிட
மற்றவை பிடித்துக்கொண்டன.
அந்தப் பக்கம் ஒரு மூச்சு.

'அப்பா, வெள்ளைச்சி இன்னும் இருக்கா?'

'இருக்கா.'

'பல்லு?'

'ரெண்டு போச்சு.'

ஆறு சதவீதத்தில் இறக்கியாக வேண்டும்.
நான்கு வரை இறக்கவில்லை.
விதிமீறல்தான், எழுதிக்கொள்ளட்டும்.

தரை தொட்டபோது
விசிறிகளின் ஓரமெல்லாம் பனி, சின்னச் சின்னப் பல்லாக.
பேட்டரியைக் கழற்றி
சூடேற அக்குளில் செருகிக்கொண்டேன்.
இனூராக் இன்னும்
காதிலிருந்து கைபேசியை எடுக்கவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
இணைப்பு, பதினெட்டு நிமிடம்.
பரிமாறிய தரவு, மிகக் குறைவு.