காரணம் என்ற கட்டம்

பெயர், வயது, விலாசம் எல்லாம் நிரம்பிவிட்டது.
செலின் மரியா. பத்தொன்பது. ஸ்ரீராமபுரம்.
காரணம் என்ற கட்டத்துக்கு மேலே
பேனா நின்றுகொண்டிருக்கிறது.

பயிற்சி டாக்டர் என் பல்லிடுக்கில் ஸ்கேலை வைக்கிறார்.
ஐந்து மில்லிமீட்டர்.
ரெண்டு ரூபாய்க் காசு இரண்டை அடுக்கி நுழைக்கலாம்,
மூன்றாவது வெளியே நிற்கும்.

'பித்தளா?' என்கிறார்.
விழுந்தாளா என்பதற்குக் கன்னடம்.
பித்தும் பித்தளையும் தெரிந்த என் காதுக்கு
அந்தச் சொல் ஒரு பாத்திரம் உருளுவது போலக் கேட்டது.

அப்பா முந்திக்கொண்டார்: காதுச் சீழ்.
ஒண்ணாங்கிளாஸ் முழுக்க வலது காதில் பஞ்சு.
சுடச்சுட எண்ணெய் விட்டது யாரென்று கேளுங்கள்.
எண்ணெய் விட்ட அத்தை விடுவாளா:
ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை சார்,
பிறக்கும்போதே ரெண்டு கன்னத்திலும் இடுக்கித் தடம்.

அம்மா கடைசியில் சொன்னாள்:
மூன்றரை வயசு. மாடிப்படி.
நான் துணி காயப்போடப் போனேன்.
மோவாயில் மூணு தையல், இப்பவும் இருக்கு, பாருங்க.

டாக்டர் எல்லோருக்கும் தலையாட்டினார்.
ஆகும், எல்லாத்தாலும் ஆகும்.
திரையில் என் மண்டையைத் திருப்பிக் காட்டினார்.
இடப்பக்கம், எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே
மெல்லிய கறுப்புக் கோடு.
வலப்பக்கம் கோடு இல்லை.
வெள்ளையாக ஒரு கட்டி.

மோவாயில் வாங்கின அடி
காதுக்கு முன்னால் போய்த்தான் உடைக்கும், என்றார்.
வெளியே தைத்துவிட்டார்கள்.
உள்ளே மூட்டில் ரத்தம் தேங்கியிருக்கும்.
அப்போது வாயை ஆட்டிக்கொண்டே இருந்திருந்தால்...
அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.
கட்டத்தில் எழுதினார்: விழுந்தது.

விழுந்ததிலிருந்து
பிஸ்கெட்டைத் தபால் போடுவது போல உள்ளே தள்ளுவேன்.
ராகிக் கஞ்சி உறிஞ்சுவேன்.
குமட்டினால் வீடே பயந்து எழுந்துவிடும்.
மல்லாந்து படுத்தால் மூச்சு அடைக்கும், சுவரில் சாய்ந்தே தூக்கம்.
பெண் பார்க்க வந்தவர்கள் மட்டும் மெச்சினார்கள்:
அடக்கமான பொண்ணு, வாயே திறக்கலை.

மார்க்கெட்டில் பஸ் ஏறினோம்.
ஜன்னல் கம்பியைப் பார்த்தபடி அம்மா பேசினாள்.
பழைய வேட்டியைக் கிழித்து
தலையோட சேர்த்துக் கட்டினேன்டி. நாப்பது நாள்.
பேசாதே, சிரிக்காதே, தையல் விட்டுரும்னு.
நீயும் கேட்டே.
சிரிப்பு வந்தா ரெண்டு கையாலயும்
வாயைப் பிடிச்சுக்குவே.

கண்டக்டர் இலவசச் சீட்டு இரண்டு கிழித்துக் கொடுத்தார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தாலும் பல்லுக்கு உள்ளேதான் இருந்திருக்கும்.

ஆபரேஷனில் எலும்பை அறுத்து எடுத்து
அந்த இடத்தில் பொட்டுத் தசையை மடித்து வைத்தார்கள்.
இனி உங்க கையில், என்றார் டாக்டர்.
சும்மா விட்டால் திரும்ப ஒட்டிக்கொள்ளும்.

ஐஸ் குச்சி, மொத்தக் கடையில் கட்டாக வாங்கியது.
தினம் நாலு வேளை அம்மா ஒவ்வொன்றாகச் சொருகுகிறாள்.
திற, என்கிறாள். இன்னும் திற.
எனக்குக் கண்ணில் நீர் கொட்டும். அவள் எண்ணுவாள்.
பதினாறு. அடுத்த நாள் பதினேழு.
மழை பெய்த வாரம் முழுக்கப் பதினாலு.
ஒருநாள் அவள் கையைக் கடித்துவிட்டேன்.
என்னால் கடிக்க முடிகிறது என்று
ரெண்டு பேருக்கும் ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது.

நேற்று கார்மென்ட்ஸில், காலர் லைனில்,
மத்தியானம் ஒரு கொட்டாவி வந்தது.
முன்பெல்லாம் அது காது வழியாகப் போகும்.
வழக்கம்போல வாயைப் பொத்த எழுந்த கை
பாதியில் நின்றது.
சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்கட்டும்.