பதினான்கு (அ)

ரோமை ஆண்ட ஏழு அரசர்களைப் பற்றி எழுதுக.
ஐந்து மதிப்பெண்.
பெயருக்கு அரை, மிச்சம் ஒன்றரை விளக்கத்துக்கு
என்கிறது விடைக்குறிப்பு.

சேப்பாக்கம், மூன்றாம் மாடி.
ஜன்னலைத் திறந்தால் கூவம், மூடினால் புழுக்கம்.
திறந்தே வைத்திருக்கிறோம்.

காலையிலிருந்து இது முப்பத்தோராவது ரோமுலஸ்.
எல்லாருக்கும் ஒரே ஓநாய், ஒரே கைடு,
ஒரே இடத்தில் ஒரே எழுத்துப்பிழை.
அரை அரை என்று ஓடிக்கொண்டிருந்த சிவப்புப் பேனா
இந்தத் தாளில் கொஞ்சம் தயங்கியது.

"ரோமுலஸ் ஏர் பூட்டிக் கோடு கிழித்தார்.
தம்பி தாண்டினார். செத்தார்.
கோட்டுக்கு அந்தப் பக்கம்
ஏற்கெனவே யார் குடியிருந்தார்கள் என்று தெரியவில்லை."

"நூமா சண்டை போடவில்லை.
ஆகையால் எழுத அதிகம் இல்லை."

சிரித்துவிட்டேன்.
பக்கத்து மேஜை சுகிர்தா மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"துல்லுஸ் சண்டை மட்டும் போட்டார். இடி விழுந்தது."

நாலாவது ஆள் வரவில்லை.
ஆற்றின் மேல் மரப்பாலம் போட்ட ஆங்குஸ்
யாருக்குமே நினைவில் நிற்பதில்லை.
பாலம் போட்டவன் கதி அவ்வளவுதான்.

ஐந்தாவது அரசனில் கையெழுத்து மாறுகிறது.
எழுத்து சிறுத்து, பேனா அழுந்தி,
பின்பக்கம் தடவினால் விரலில் தட்டுகிறது.

"தார்குவின் சதுப்பை வற்றவைத்துச் சந்தைத்திடல் கட்டினார்.
அடியில் பெரிய சாக்கடை.
தோண்டியவர்களால் தாங்க முடியவில்லை.
தாங்களே உயிரை விட்டார்கள்.
செத்த உடம்பைச் சிலுவையில் அறையச் சொன்னார் ராஜா,
மற்றவர்களுக்கு வெட்கம் வரட்டும் என்று.
ராஜா இறங்கினாரா? புத்தகத்தில் இல்லை."

கைடிலும் இல்லை.
எங்கே படித்தாய் என்று கேட்கலாம்.
டம்மி எண்ணுக்கு வாய் கிடையாது.

அதற்குக் கீழே இரண்டு வரி.
ஸ்கேல் வைத்து நேராக அடித்திருந்தது.
அடித்ததைத் திருத்தக் கூடாது என்பது விதி.
வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் படிப்பது பற்றி
விதி ஒன்றும் சொல்லவில்லை.

"எங்க சித்தப்பா பேரும் ராஜாதான், தேசிங்குராஜன்.
வியாசர்பாடியில் இறங்கினார். கயிறு மட்டும் மேலே வந்தது."

பிறகு ஒன்றுமே நடக்காதது போல
செர்வியுஸ் வருகிறார். அடிமைக்குப் பிறந்தவர்,
ஊரைத் தலை தலையாக எண்ணியவர்.
பெற்ற மகளே அவர் பிணத்தின் மேல் வண்டியை ஓட்டிப் போனாள்.
கடைசியில் இன்னொரு தார்குவின், கர்வம் பிடித்தவர்.
ஊர் சேர்ந்து துரத்தியது.
"அதன்பின் ராஜா என்ற சொல்லே அவர்களுக்கு ஆகாது."

சாக்கடை மட்டும் அப்படியே இருந்தது.
இது தாளில் இல்லை,
நானாகச் சேர்த்துக்கொண்டது.

மூன்றரையும் ஒன்றரையும் ஐந்து.
வட்டம் போட்டு அடுத்த தாளை எடுத்தேன்.

தலைமைத் திருத்துநர் ஞானமணி சார்
நாலு மணிக்குக் கட்டோடு வந்தார்.
"ஆறு பேருக்கு ஏழு அரை போட்டிருக்கீங்களே?"
"எண்ணிப் பாருங்க சார்."

ஆள்காட்டி விரலால் எண்ணினார்.
அடித்த வரியில் விரல் நின்றது.
கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.
"அடிச்சதுக்கு மார்க் கிடையாது மேடம்."
தாளை என் பக்கம் தள்ளினார்.
கையிலிருந்த பச்சைப் பேனாவை மூடிக்கொண்டார்.
நானும் எதையும் மாற்றவில்லை.
சமோசா வந்தது. ஆளுக்கு ஒன்று.

ஆறு மணிக்கு மழை.
வாலாஜா சாலை ஓரம் மூடியில்லாத குழி.
யாரோ வேப்பங்கிளை ஒடித்துச் செருகியிருந்தார்கள்,
வண்டிகள் பார்த்து விலகட்டும் என்று.

செங்கோல் என்று எழுத ஆசைதான்.
கிளை மாதிரித்தான் இருந்தது.
இலை இன்னும் வாடவில்லை.
கொஞ்சம் முன்னால்தான் யாரோ
இந்த மழையில் குனிந்து நட்டுவிட்டுப் போயிருக்க வேண்டும்.

என் பஸ் அதைச் சுற்றி வளைத்துப் போனது.